நாய்க்கு இப்போது நிற்க மட்டுமே நேரம்

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று பழமொழி சொல்லுவார்கள். அதை முதலில் சொன்ன ஆள் கரிசல்காட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். சாவடியிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து கம்மாய்க்கு, கம்மாயிலிருந்து யாரோ ஒருவரின் புஞ்சைக்கு என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிற நாயைப் பார்த்தவருக்குத்தான் இது தோன்றியிருக்கும். இன்றைக்குக் கோவில்பட்டியில் தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தப் பழமொழியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. மாடிப்படிக்கு அடியில், மோட்டார் சைக்கிளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், நாலடிச் சங்கிலியில் ஒரு சிப்பிப்பாறை நிற்கும். காலையில் நிற்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தாலும் அங்கேயேதான் நிற்கும். அதற்கு நிற்க மட்டும்தான் நேரம்.

"கொஞ்சம் நடக்கக் கூட்டிட்டுப் போகக் கூடாதாண்ணே?" என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "எங்கிட்டுப் போறது தம்பி? இங்க எடமா இருக்கு?"

இடமா இல்லை? கோவில்பட்டியில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடுகள் முடிகிற இடத்தில் கரிசல் ஆரம்பிக்கிறது. எட்டயபுரம் சாலை, கழுகுமலை சாலை, இடைசெவல் பக்கம், நாலாட்டின்புத்தூர் பக்கம், எங்கே போனாலும் சரி. மாசி மாதத்துக்கு அப்புறம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மறைப்பில்லாத வெறும் நிலம். அங்கங்கே ஒரு உடைமரம், ஒரு வேம்பு, தூரத்தில் காற்றாலைகள். தமிழ்நாட்டில் ஒரு நாய் நடப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரியான பூமி ஒன்று உண்டென்றால் அது இதுதான். சென்னைக்காரர் அடுக்குமாடியின் லிப்ட்டில் நாயை ஏற்றலாமா கூடாதா என்று சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் "இடமில்லை" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். கோவில்பட்டிக்காரர் சொன்னால் அது பொய். சோம்பேறித்தனத்துக்குப் போட்ட சட்டை.

இதில் கொடுமை என்னவென்றால், சங்கிலியில் நிற்கும் அந்த நாயே இந்த மண்ணில் பிறந்ததுதான். சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஒரு ஊர்; ஊர்ப் பெயரே நாய்க்குப் பெயராகிவிட்டது. கன்னி நாய்க்குக் கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர் வட்டாரம்தான் பிறந்தகம். கருப்பு உடம்பு, கால்களிலும் கண்ணுக்கு மேலும் பழுப்புப் புள்ளி. வெளிர் நிறமாக இருந்தால் பால்கன்னி. கொஞ்சம் மேற்கே போனால் ராஜபாளையம், இன்னும் மேலே போனால் தேனிப் பக்கம் கோம்பை. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தை நம்பி ஓடுகிற நாய்கள் அல்ல. தூரத்தில் அசைவதைக் கண்ணால் பார்த்துப் பாய்கிறவை. மரம் அடர்ந்த காட்டில் கண்ணுக்கு என்ன வேலை? மறைப்பே இல்லாத சமவெளியில்தான் அப்படி ஒரு நாய் உருவாக முடியும். நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, வெயிலுக்கு ஏற்ற குட்டை முடி. அந்த உடம்பின் ஒவ்வொரு பாகமும் கரிசலைப் பார்த்து அளவெடுத்துத் தைத்தது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அந்த இடத்தில் ஏன் கட்டப்பட்டது என்பதற்கு ஊரில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்திப் போக, குறிப்பிட்ட இடம் வந்ததும் முயல் திரும்பி நின்று நாய்களையே விரட்டியதாம். வீரம் விளையும் மண் என்று அங்கே கோட்டை எழும்பியதாம். (இதே கதையை விஜயநகரத்துக்கும் சொல்லுவார்கள். முயல்களுக்கு அந்தக் காலத்தில் நல்ல மவுசு.) கதை உண்மையோ பொய்யோ, இந்தப் பூமியில் நாயும் ஓட்டமும் பிரிக்க முடியாதவை என்பதற்கு அது ஒரு சாட்சி.

பிறகு எப்படிப் பிரிந்தன?

வேட்டை நின்றது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் பிடிப்பது குற்றம், மயில் பக்கமே போகக் கூடாது. நல்ல சட்டம், வந்திருக்க வேண்டிய சட்டம். அதில் மறுபேச்சு இல்லை. இன்றும் ராத்திரியில் டார்ச் லைட்டோடு நாயைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வனத்துறை அபராதம் போடும்போது இரக்கப்படத் தேவையில்லை. ஆனால் வேட்டை போனபோது அதோடு சேர்ந்து இன்னொன்றும் போனதை யாரும் கவனிக்கவில்லை. நாய்க்கு இருந்த ஒரே உடற்பயிற்சி அதுதான். பெரிய வீட்டு நாய்க்கு வேட்டை, ஆட்டுக்காரர் நாய்க்குக் கிடை, சம்சாரி வீட்டு நாய்க்குக் காடு என்று ஒவ்வொன்றுக்கும் நாளெல்லாம் நடை இருந்தது. வேலை போன இடத்தில் மற்ற நாடுகளில் "நடை" வந்து உட்கார்ந்தது. இங்கே அந்த இடத்தில் சங்கிலி வந்து உட்கார்ந்துகொண்டது. வேலையை எடுத்துவிட்டு மாற்று எதுவும் கொடுக்காமல் விட்டால் மனிதர்கள் போராட்டம் நடத்துவார்கள். நாய் நடத்த முடியுமா?

அந்தஸ்து மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. நான்கில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்ட் 30 அன்று 'மனதின் குரல்' வானொலிப் பேச்சில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் புகழ்ந்தார். நாட்டு நாய் வளர்ப்பது தேசப்பற்று, தமிழ்ப்பற்று, மண்பற்று எல்லாமும் ஆனது. யூடியூபில் வீடியோ, கழுத்தில் பட்டை, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. பற்று எல்லாம் இருக்கிறது, நடை மட்டும் இல்லை. குட்டி வாங்கும்போது ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்தவர், அதன் பிறகு தினமும் முக்கால் மணி நேரம் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார். வண்டி வாங்கினால் தேய்மானம் போடுவார்கள், ஓட ஓட மதிப்புக் குறையும். இந்தச் சொத்துக்குக் கணக்கு நேர் எதிர். ஓடாமல் நின்றால்தான் தேயும். இரண்டே வருடத்தில் பின்னங்கால் சதை வற்றி, நகம் வளர்ந்து வளைந்து, வாலைத் தானே கடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டக்கார நாய்களைப் போய்ப் பார்க்கட்டும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. "பகலில் கட்டிப் போட்டால்தான் ராத்திரி வெறியா இருக்கும், அப்பத்தான் காவலுக்கு ஆகும்" என்று சொல்கிற கூட்டம். அதாவது நாயைப் பைத்தியமாக்குவதுதான் திட்டமே. சந்தோஷமாகச் சொல்லுவார்கள், பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும். அவிழ்த்துவிடும் ஒரு நாள் அது யாரைக் கடிக்கும் என்று நாய்க்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கடித்த மறுநாள் நாயை வண்டியில் ஏற்றி நான்குவழிச் சாலையோரம் விட்டுவிட்டு வந்துவிடுவார். அப்புறம் அது தெருநாய். தெருநாய்த் தொல்லை பற்றி டீக்கடையில் முதல் ஆளாகப் பேசுகிறவரும் அவராகவே இருப்பார்.

தெருநாய் என்றதும் 2025 ஞாபகம் வரும். டில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஒரு பக்கம் பாசம், ஒரு பக்கம் பயம். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. வெறிநாய்க்கடியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் யாரும் கருணை பற்றிப் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அவ்வளவு சத்தத்திலும் சொந்தக்காரர் உள்ள நாயைப் பற்றிப் பேச்சு அவ்வளவாக எழவில்லை. அதை எப்படி வளர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் சொல்லியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1)(ஜி). எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்துவைத்தோ வளர்க்கும் நாய்க்கு அதன் சொந்தக்காரர் நியாயமான அளவு உடற்பயிற்சி கொடுக்காமலோ கொடுக்க ஏற்பாடு செய்யாமலோ விட்டால் அது கொடுமை, அது குற்றம். அதற்கு முந்தைய உட்பிரிவு, அளவுக்கு மீறிய நேரம் குட்டைச் சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. மாடு, குதிரை, யானை எல்லாம் வரும் சட்டத்தில் நாயை மட்டும் தனியாகப் பெயர் சொல்லி அதற்கு நடை வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருக்கிறார் என்பதும் சொல்ல வேண்டிய விஷயம். நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், தனிநபர் மசோதாவாக இதை முதலில் கொண்டு போனார். பிறகு அரசே சட்டம் இயற்றியது. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே.

தண்டனை என்ன தெரியுமா? முதல் முறை பிடிபட்டால் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாயைக் கட்டும் சங்கிலியின் விலையே முதல் அபராதத்தை விட அதிகம். குற்றம் செய்யும் கருவி குற்றத்தை விட விலை கூடியதாக இருக்கும் அபூர்வமான சட்டம் இது. அதனால்தான் ஒருவரும் பயப்படுவதில்லை.

சரி, இடத்துக்கு வருவோம். "இடம் இல்லை" என்று சொல்லுகிறவர்களில் கொஞ்சம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடனே இங்கிலாந்தைக் காட்டுவார்கள். அங்கே கிராமத்துக்குக் கிராமம் நடைபாதையாம், வயலுக்கு நடுவே நாயோடு போகலாமாம், வழியில் இருக்கும் மதுக்கடையில் வாசலிலேயே நாய்க்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார்களாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மலை மேட்டில், வேட்டைக்காகப் பணக்காரர்கள் அடைத்து வைத்திருந்த நிலத்தில், ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாக நுழைந்து நடந்தார்கள். நடந்ததற்குச் சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-இல் வந்த சட்டம் ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுப்பாதைகளை வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது பதிவான பொதுப்பாதைகளின் மொத்த நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். அந்தப் பாதைகளில் பெரும்பகுதி தனியார் நிலத்துக்குள்தான் போகிறது. வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழுதால், பதினான்கு நாளுக்குள் நடக்கிற மாதிரி திரும்ப ஆக்கித்தர வேண்டியது விவசாயியின் பொறுப்பு. நாய்க்காரருக்கும் கட்டுப்பாடு உண்டு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய் இரண்டு மீட்டர் கயிற்றில்தான் போக வேண்டும். அது தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம். ஆடு மாடு பக்கத்தில் இருந்தால் வருடம் முழுக்கக் கயிறுதான்.

இங்கே வரைபடம் இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் இருக்கிறது. வண்டிப்பாதை, களம், ஓடை, ஊருணி, மந்தை, மேய்ச்சல் புறம்போக்கு என்று எந்தெந்தப் புல எண் பொதுவுக்கு உரியது என்று 'அ' பதிவேட்டில் எழுதியிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். அரசின் இணையதளத்திலும் 'அ' பதிவேட்டு விவரமும் புலப்படமும் வீட்டில் உட்கார்ந்தபடி எடுக்கலாம். பிளாட் வாங்கும்போது மட்டும்தான் அந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இங்கிலாந்துக்காரன் சிறைக்குப் போய் வாங்கிய உரிமையின் ஒரு பகுதி, கரிசல் கிராமங்களில் மாட்டு வண்டி புண்ணியத்தில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் யாரும் நடப்பதில்லை, அவ்வளவுதான்.

நடக்காத பாதை என்ன ஆகும்? முதல் வருடம் வேலிக்கருவை முளைக்கும். மூன்றாம் வருடம் உள்ளே நுழைய முடியாது. ஐந்தாம் வருடம் பக்கத்துப் புஞ்சைக்காரர் உழும்போது ஒரு சால் தள்ளி உழுவார். அப்புறம் ஒரு நாள் மொத்தக் காடும் கைமாறும், கம்பி வேலி வரும், பிளாட்டோ சூரியத் தகடுகளோ வரும். வண்டிப்பாதை வேலிக்கு உள்ளே இருக்கும். கேட்டால் "இங்க ஏதுங்க பாதை?" என்பார்கள். காகிதத்தில் பாதை உயிரோடு இருக்கும், மண்ணில் செத்திருக்கும். மாட்டு வண்டி போய்விட்டது, டிராக்டர் தார்ச்சாலையில் போகிறது, பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் போகிறார்கள். இனிமேல் அந்தப் பாதையில் தினமும் காலை வைக்கக் காரணம் உள்ள ஒரே ஜீவன் நாய்தான். நாய் நடந்தால் கூடவே ஒரு மனிதர் நடப்பார். மனிதர் நடந்தால் பாதை அடைபட்ட முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். நாய் நடைக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று சிரிக்கிறவர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்கட்டும்.

எப்போது, எங்கே என்று கேட்பவர்களுக்கு: மாசி பிறந்து உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வீடு சேர்ந்துவிட்டால், புரட்டாசியில் திரும்ப விதைக்கும் வரைக்கும் கரிசல் முக்கால்வாசி வெறுமை. பருத்தி மட்டும் அங்கங்கே சித்திரை வரை நிற்கும். வெள்ளாமை எடுத்த புஞ்சையில் ஆடு கிடை போடுவதையும் ஆள் குறுக்கே நடப்பதையும் யாரும் தடுத்ததில்லை, அது பழைய வழக்கம். ஆனால் அந்த மாதங்களில் வெயில் கொளுத்தும். காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. மழை குடித்த கரிசலில் பத்தடி வைத்தால் ஒவ்வொரு செருப்பும் பனங்காய்க் கனம் ஆகிவிடும், நாயின் விரல் இடுக்கெல்லாம் மண் அடைத்துக்கொள்ளும். அப்போது காட்டுக்குள் இறங்காமல் கம்மாய்க் கரை, இல்லையென்றால் சரளை போட்ட சாலை. மார்கழியும் தையும்தான் ராஜ மாதங்கள். பயிர் நிற்பதால் பொழி ஓரமாகவே போக வேண்டும். பனியும் பசுமையும் கொத்தமல்லி வாசனையுமாக அந்த நடைக்கு ஈடு கிடையாது. மக்காச்சோளக் காட்டுக்குள் மட்டும் விடாதீர்கள். பன்றிக்குப் போட்ட கள்ள மின்வேலி நாய்க்கும் ஆளுக்கும் வித்தியாசம் பார்க்காது. கோடையில் வெடித்த பாளங்களில் சுருட்டை விரியன் படுத்திருக்கும், அதனால் வண்டித்தடத்திலேயே போவது நல்லது. களத்துப் புறம்போக்கு வருடத்தில் பாதி நாள் காலிதான், அதிகாலையில் ஆள் இல்லாதபோது நீளக் கயிற்றில் ஓடவிட அதைப் போல இடம் இல்லை.

போகக் கூடாத இடங்களும் உண்டு. குருமலைப் பக்கம் காப்புக்காடு, மான்கள் இருக்கும் இடம். 1987-இல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு வெளிமான் சரணாலயத்தைச் சொல்லவே வேண்டாம். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கும் பாறைக்கு நாயை ஏற்றாதீர்கள். கீழே நிழலில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கயிறு எல்லா இடத்திலும் வேண்டும். "நாட்டு நாயை அவிழ்த்து விட்டாத்தான் அழகு" என்று வசனம் பேசுகிறவர்களால்தான் ஆட்டுக்காரர்கள் நாயைக் கண்டாலே கல்லை எடுக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஓடுகிற எதையும் துரத்துவதற்காகவே வளர்க்கப்பட்ட இனம் இது. மிரண்டு ஓடும் ஒரு செம்மறிக்குட்டிக்கும் முயலுக்கும் அதன் கண்ணில் வித்தியாசம் இல்லை. கிடையைக் கண்டால் நூறடி தள்ளி, காற்று வரும் பக்கம் பார்த்து, கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போவது மரியாதை. ஊருக்குள் தாண்டிப் போகும்போதும் அப்படியே. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய செய்தியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வருடாந்திரத் தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாயோடு வெளியே வருகிறவருக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வார்த்தை ஆதரவும் கிடையாது.

வழியில் நிற்க இடம்? அதற்கும் இங்கிலாந்து மதுக்கடையைப் பார்த்து ஏங்க வேண்டாம். கிராமத்து டீக்கடை வெளி பெஞ்சை விட நாய்க்கு வசதியான இடம் உலகத்தில் கிடையாது. நாயை உள்ளே விடலாமா என்ற கேள்வியே அங்கே எழாது, ஏனென்றால் உள்ளே என்று ஒன்றே இல்லை. ஒரு டீ, நாய்க்கு ஒரு பொறை. கடைக்காரரே கேட்காமல் தூக்கிப் போடுவார். குறைச்சல் தண்ணீர்தான். ராணி மங்கம்மாள் பெயரில் சாலை இருக்கும் சீமை இது. வழிநெடுக நிழல், சத்திரம், சுமைதாங்கிக் கல் என்று நடக்கிறவனை நினைத்துக் கட்டியவர்கள் வாழ்ந்த ஊர்கள். மாடு குடிக்கக் கிணற்றடியில் போட்ட கல்தொட்டிகள் இன்றும் பல ஊர்களில் கிடக்கின்றன, உள்ளே பீர் பாட்டிலும் பிளாஸ்டிக் டம்ளருமாக. அதைக் கழுவி நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் ஆடு குடிக்கும், காக்கை குடிக்கும், நடந்து வரும் நாயும் குடிக்கும். செல்லப்பிராணிகளுக்கான உணவகம் என்று நகரத்தில் ஏசி போட்டுக் கட்டணம் வாங்குகிறார்களே, அதன் கரிசல் பதிப்பு இந்தக் கல்தொட்டி. முதலீடு ஒரு தென்னந்துடைப்பம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நேர்மையாக இருக்காது. எல்லோரும் எல்லாப் பாதையிலும் நாயோடு நடக்க முடிகிற ஊர் இது இல்லை. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது. அதில் கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லுகிறார்கள். நாய் செய்த தப்பு எதுவும் இல்லை, அதன் சொந்தக்காரன் யார் என்பதுதான் காரணம். படம் பார்த்து அழுதவர்கள் எல்லோரும் அதைக் கதை என்று நினைத்து அழவில்லை. ஒரு தெருப் பையன் நல்ல நாய் வைத்திருப்பதே இன்னொரு தெருவுக்கு உறுத்தலாக இருக்கும் ஊர்களில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்மாய்க்கரையில் நடப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அதே மாதிரி ஒரு பெண் அதிகாலையில் தனியாகக் காட்டுப்பக்கம் நடந்தால் ஆயிரம் கேள்வி வரும். நாயோடு நடந்தால் அந்தக் கேள்விகளில் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். பொதுப்பாதை என்று பதிவேட்டில் இருப்பது யாருடைய தெருவுக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம் என்று தினமும் காலால் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு இடமில்லை என்று சொல்லுகிறவர், இந்தச் சண்டையையும் சேர்த்தே கைகழுவுகிறார்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் நிலமோ வீடோ உறவோ இல்லாத குடும்பம் நகரத்தில் குறைவுதான். வாக்காளராக இருக்கும் அண்ணனோ மச்சானோ எழுந்து நின்று ஒரு மனுவைக் கொடுக்கலாம். நீளமாக எழுத வேண்டியதில்லை. வண்டிப்பாதையின் புல எண் என்ன, எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, நில அளவர் வந்து அளந்து கல் நடவேண்டும், வேலிக்கருவையை வேரோடு பிடுங்க வேண்டும். கூடவே கிணற்றடிக் கல்தொட்டிக்கு ஊராட்சிக் குழாயிலிருந்து ஒரு கிளை கேட்கலாம். நாயைப் பற்றி மனுவில் எழுதாமல் இருப்பதே நல்லது. எழுதினால் சிரித்துவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுவார்கள். மாட்டு வண்டிக்கு என்று எழுதினால் போதும்.